கத்தாதே என்று சொன்ன கீரி

குழந்தைகளே, ஒரு காட்டில் மரமே கிடையாது. விளக்குக் கம்பங்கள் இருந்தன, பேருந்துகள் இருந்தன, இரவும் பகலும் ஹாரன் சத்தம் இருந்தது. மனிதர்கள் அதை நகரம் என்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த செம்பி என்ற கீரிக்கு அதுதான் காடு.

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், யாரோ இறக்கிப் போட்டு மறந்துவிட்ட சிமெண்ட் குழாய்களில் ஒன்றில் செம்பி குடியிருந்தாள். முன்பெல்லாம் அவளுடைய இணையும் கூட இருந்தான். ஒரு சாயங்காலம் இரை தேடிச் சாலையைக் கடந்தவன் திரும்பி வரவில்லை. குட்டிகளும் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டன.

சுற்றிலும் எலிகள், பெருச்சாளிகள், பூனைகள் என்று ஏகப்பட்ட பேர். ஆனால் செம்பியைக் கண்டால் எலி ஓடும், பூனை முதுகைத் தூக்கும். "எங்கே உன் வீட்டுக்காரரைக் காணோம்?" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

'எல்லாம் இந்த இரைச்சலால்தான்' என்று செம்பி நினைத்தாள். 'இதில் யார் பேச்சு யார் காதில் விழும்? சத்தமே இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் மனசு ஆறிவிடும்.'

கூரைமேல் உட்கார்ந்திருந்த காகத்தைக் கேட்டாள். "சத்தம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?"

"கிழக்கே போ. கால்வாய்க் கரையை விடாதே. கடல் வரும். அங்கே மனிதர்கள் குறைவு, மணல் அதிகம்" என்றது காகம். அதற்குள் யாரோ வடையைக் கீழே போட, பறந்துபோய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் செம்பி புறப்பட்டாள். போய் வருகிறேன் என்று சொல்ல யாரும் இல்லை. குழாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது மாசி மாதம். கடல் பசுமாடு போலச் சாதுவாகப் படுத்திருந்தது. கரைக்குச் சற்று உள்ளே தாழம்புதர்கள் அடர்ந்து நின்றன. அதற்கும் பின்னால், உயர்ந்த நிலத்தில் பனங்காடு. செம்பி புதருக்குள் ஒரு காலை வைத்தாள், அவ்வளவுதான். தலைக்கு மேலே ஒரு கூப்பாடு கேட்டது.

"கீரி! கீரி! கீரி வந்துவிட்டது! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்!"

கத்தியது நெட்டைக்காலன் என்ற ஆட்காட்டிப் பறவை. எது அசைந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவது அவன் குணம். புதரெங்கும் தலைகள் எட்டிப் பார்த்தன. செம்பிக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

தடித்த முயல் ஒருத்தி வெளியே வந்தாள். மொச்சை என்பது அவள் பெயர். ஓட்டை வாய், ஆனால் நல்ல மனசு.

"எங்கிருந்து வருகிறாய், தங்கச்சி?"

"நகரத்திலிருந்து, அக்கா. குடியிருக்க இடம் தேடுகிறேன்."

"தனியாகவா? ஐயோ பாவம். என் பக்கத்துக் குழி காலியாகத்தான் இருக்கிறது. முன்னால் ஓர் உடும்பு இருந்தது, மாமியார் வீட்டோடு போய்விட்டது. வந்து பார்."

செம்பி குனிந்து பார்த்தாள். குழி தாழ்வாக, இருட்டாக இருந்தது. தாழை வேர்கள் முதுகில் இடித்தன. எங்கோ காயப்போட்டிருந்த கருவாட்டின் நாற்றம் உள்ளே வந்து தங்கியிருந்தது. மொச்சையின் குட்டிகள் அவள் தலைமேலேயே தாவிக் குதித்தன. கடல் கண்ணுக்கே தெரியவில்லை.

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே வந்து நிமிர்ந்தபோதுதான் அந்த மேட்டைப் பார்த்தாள். அலையின் விளிம்பிலேயே வெள்ளை வெளேரென்று ஒரு மணல்மேடு. மேலெல்லாம் அடம்புக் கொடி படர்ந்து ஊதாப் பூவாகப் பூத்திருந்தது.

"அக்கா, அங்கே யார் இருக்கிறார்கள்?"

"அங்கேயா? அங்கே யாரும் இருப்பதில்லை. ஏனென்று கேட்டால் பெரிய கதை. என் சின்ன மாமா ஒருத்தர் இருந்தார், அவருக்கு ஒரு காது மடிந்திருக்கும், அது எப்படி மடிந்தது என்றால்..."

யாரும் இருப்பதில்லை என்ற ஒரு வார்த்தை செம்பிக்குப் போதுமாக இருந்தது. மொச்சை சின்ன மாமாவின் காதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மேட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

கடலைப் பார்த்த வாசலாக வளை தோண்டினாள். காற்று வாசல் வரை வந்து போயிற்று. ஹாரன் இல்லை, கூச்சல் இல்லை. நண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. நெட்டைக்காலன் ஒருவன்தான் தொல்லை. நாய் வந்தால் மேட்டுக்கு மேலே வட்டமிட்டுக் கத்துவான். வலை இழுப்பவர்கள் வந்தாலும் கத்துவான்.

ஒருநாள் செம்பி பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள். "கொஞ்சம் நிறுத்துகிறாயா?"

"நாய் வருகிறதே! சொல்ல வேண்டாமா?"

"எனக்குச் சொல்ல வேண்டாம். நான் நகரத்தில் கேட்ட சத்தமே இந்தப் பிறவிக்குப் போதும். இந்த மேட்டுக்கு மேலே மட்டும் கத்தாதே."

"ஆபத்து வந்தால்?"

"எது வந்தாலும் கத்தாதே."

நெட்டைக்காலன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். "எது வந்தாலுமா?"

"எது வந்தாலும்தான்!"

"சரி. நான் கத்துகிறவன்தான், ஆனால் சொன்ன சொல் தவற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனான். அதற்குப் பிறகு அந்த மேட்டுக்கு மேலே அவன் வாய் திறக்கவே இல்லை.

செம்பி கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. காலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து நனைந்தபடி எழும். 'அடேயப்பா!' என்று சொல்லத் திரும்புவாள். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருமுறை அலை ஒரு நீலச் சிப்பியைக் கொண்டுவந்து போட்டது. அதை வாயில் கவ்வித் தாழம்புதர் ஓரம் வரை போனாள். உள்ளே மொச்சை குட்டிகளை அதட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று விட்டு வந்தவள் இப்போது எந்த முகத்தோடு உள்ளே போவது? சிப்பியை அங்கேயே மணலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பேசாமலே இருந்து பேச்சே மறந்துவிடுமோ என்று பயந்து, ஒருநாள் நண்டு ஒன்றைப் பார்த்து, "என்ன, நல்லா இருக்கிறாயா?" என்று கேட்டாள். நண்டு மண்ணுக்குள் பாய்ந்துவிட்டது.

நகரத்தில் இரைச்சல் இருந்தது, பேச ஆள் இல்லை. இங்கே இரைச்சலும் இல்லை, ஆளும் இல்லை. அப்படியானால் குறை சத்தத்தில் இல்லையோ என்று முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஐப்பசி வந்தது. ஒரு மத்தியானம் கடலுக்கு மேலே வானம் கரிச்சட்டி போலக் கறுத்தது. காற்று மணலை வாரி அடித்தது. செம்பி வளைக்குள் சுருண்டுகொண்டு வாசல் வழியே பார்த்தாள். நெட்டைக்காலன் தாழம்புதர்ப் பக்கம் பறந்தான். அவன் அங்கே என்ன கத்தினான் என்று காற்று அவள் காதுவரை கொண்டுவரவில்லை.

"கடல் வருகிறது! பனங்காட்டுக்குப் போங்கள்! குட்டிகளை விட்டுவிடாதீர்கள்! கடல் வருகிறது!" என்று அவன் புதர் புதராகக் கத்தினான். முயல்களும் ஓணான்களும் கௌதாரிகளும் பனங்காட்டுக்கு ஓடின.

பிறகு அவன் மணல்மேட்டுக்கு மேலே வந்தான். அலகைத் திறந்தான். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அலகை மூடிக்கொண்டு வட்டமிட்டான்.

செம்பி அவனைப் பார்த்தாள். 'பேசாமல்தானே பறக்கிறான்? அப்படியானால் ஒன்றும் இருக்காது' என்று கண்ணை மூடினாள்.

அவள் கண் விழித்தது தண்ணீருக்குள். வளை இடிந்து மேலே விழுந்தது. முண்டி வெளியே வந்தாள். முன்னால் கடல், பின்னாலும் கடல். மேடு ஒரு சின்னத் திட்டாகக் கரைந்துகொண்டிருந்தது. மழையில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அடம்புக் கொடியைக் கவ்விக்கொண்டாள். அடுத்த அலை கொடியை வேரோடு பிடுங்கிற்று.

தண்ணீரில் உருண்டபடி அவள் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். கூப்பிட ஒரு பெயர் அகப்படுவதே கஷ்டமாக இருந்தது. அப்போது தலைக்கு மேலே ஒரு நிழல் தெரிந்தது. நெட்டைக்காலன் இன்னும் போகவில்லை. வாயை மூடியபடி, மழையில் நனைந்தபடி, சுற்றிக்கொண்டே இருந்தான்.

"கத்து!" என்று அலறினாள் செம்பி. "நான் சொன்னது தப்பு! எனக்காகக் கத்து!"

அதற்காகத்தான் அவன் காத்திருந்தான்.

"இந்தப் பக்கம்! என் குரலைப் பிடித்துக்கொண்டு வா! அங்கே போகாதே, சுழி இருக்கிறது! இங்கே வா, இங்கே!"

கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், காதை மட்டும் நம்பிச் செம்பி நீந்தினாள். அலை அவளை அமுக்கும்போதெல்லாம் குரல் அறுந்து போகும். மேலே வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாள். அது அங்கேயே இருக்கும். கடைசியில் காலடியில் தரை தட்டியது. விழுந்து எழுந்து, பனங்காட்டுக்கு ஏறினாள்.

அங்கே ஒரு பனையடிப் பொந்தில் மொச்சையின் குடும்பம் நடுங்கிக்கொண்டிருந்தது. செம்பி சற்றுத் தள்ளி, மழையிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்க்க அவளுக்கு உரிமை இல்லை அல்லவா?

"நின்று என்ன பார்க்கிறாய்? குளிர் உள்ளே வருகிறது. வந்து வாசலை அடை!" என்று அதட்டினாள் மொச்சை.

செம்பி நுழைந்தாள். ஈரமும் ரோமமும் மூச்சுமாக அந்த இடம் திணறியது. ஒரு குட்டி அவள் வயிற்றில் ஏறிப் படுத்துக்கொண்டது. இன்னொன்று தும்மியது.

"கொஞ்சம் நகர்ந்து படு, தங்கச்சி. உன் வால் என் வாய்க்குள் இருக்கிறது."

பதில் சொல்ல வாயெடுத்தாள் செம்பி. உப்புத் தண்ணீர் குடித்துத் தொண்டை கட்டியிருந்தது. முதல் தடவை காற்றுதான் வந்தது.

"நகர இடமில்லை, அக்கா" என்றாள்.

நீதி: குடியேற இடம் பார்க்கும்போது அங்கே அமைதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, ஆபத்தில் உன்னைக் கூப்பிட ஒரு குரல் இருக்கிறதா என்றும் பார்.