ஒன்பது மரங்கள்

தேவசகாயம் ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார். அறுபது தாண்டிய பிறகு பேராசிரியர் குமுதினியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். குமுதினிக்கு வயது நாற்பத்தைந்து. அந்த அம்மா இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார். யார் குரு, யார் சீடர் என்று ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்கள்.

வால்பாறைக்கு மேலே மழைக்காட்டில் அழிந்துகொண்டிருக்கும் ஒரு மர இனம். காட்டில் மிஞ்சியவை ஒன்பதே மரங்கள், அதுவும் ஒரே சரிவில். வருஷம் தவறாமல் பூக்கும், ஒரு காய்கூடப் பிடிக்காது. ஒரு விதையையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று தேவசகாயம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்காகத்தான் இலைகளிலிருந்து மரபணுக் குறிகளை உருவாக்கினார். மரத்துக்கு மரம் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அடையாளங்கள் அவை. எதை எதோடு சேர்த்தால் காய்க்கும் என்று தெரிந்துவிடும் என நம்பினார். எந்தக் குறியை வைத்துப் பார்த்தாலும் சோதனைப் படத்தில் ஒன்பது மரத்துக்கும் கோடு ஒரே இடத்தில் விழுந்தது.

“குறியெல்லாம் வீணாப்போச்சு மேடம். என் கைதான் சரியில்ல. வேற யாராவது செய்யட்டும்.”

குமுதினி மறுநாள் அவரைக் காட்டுக்கு அழைத்துப்போனார். இரண்டு மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சருகை விலக்கி, கையாலேயே மண்ணைப் பறித்தார். காலில் அட்டை ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு வேர் தெரிந்தது. அதைத் தொட்டுக்கொண்டே போனார்கள். அது அடுத்த மரத்தில் போய் முடிந்தது. அங்கிருந்து இன்னொரு வேர், அதற்கடுத்த மரத்துக்கு.

தேவசகாயத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“எல்லாம் ஒரே மரமா மேடம்?”

“வேர்லேர்ந்து கெளம்புன கன்னுங்க சார்.”

“அதான் காய் பிடிக்கலயா... தன் மகரந்தமே தனக்குச் சேராதே.” அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அழுகையை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

“கீழ எஸ்டேட்ல, தேயிலைக்கு நடுவுல இதே மரம் ஒன்னு நிக்குதே. அதுல இலை எடுத்தீங்களா?”

“அது கோணல் மரம் மேடம். பாதிக் கிளையைக் கழிச்சுட்டாங்க. அதைப் போயி காட்டு மரத்தோட எப்படிச் சேர்க்கிறதுன்னு விட்டுட்டேன்.”

“எடுங்க.”

எடுத்தார். வீண் என்று ஒதுக்கிய அதே குறிகளை வைத்தே பார்த்தார். கோடு வேறு இடத்தில் விழுந்தது. ஆய்வுக்கூடம் என்றும் பாராமல் மனிதர் கத்திவிட்டார்.

பூக்கும் பருவத்தில் ஏணி போட்டு ஏறி, கோணல் மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் காட்டு மரத்தின் பூக்களில் தொட்டு வைத்தார். சில வாரம் கழித்து மறுபடி ஏறியவர் இறங்கவே இல்லை. பூ உதிர்ந்த காம்பில் மிளகளவு பிஞ்சு.

கீழே குமுதினி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கோணல் மரத்தை நெனச்சா மனசு கேக்கல மேடம். இத்தனை வருஷமா தன்னந்தனியா நின்னிருக்கு.”

குமுதினி சரிவில் நின்ற ஒன்பதையும் பார்த்தார்.

“இதுவும்தான் சார்.”