நாக்கு கடித்த வால்

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது, இறக்கை முளைத்ததற்கும் பேச்சு இருந்தது. மனுஷன் ஏதாவது கேட்டால் குருவி பதில் சொல்லும். குருவி ஏசினால் ரயில் எஞ்சின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட காலம்.

நாவல்மேடு ஜங்ஷன் என்று ஓர் இடம். நாலு திசையிலிருந்தும் வருகிற தண்டவாளங்கள் அங்கே கூடி, குறுக்கே பாய்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, இடியாப்பம் பிழிந்த மாதிரி கிடக்கும். புதிதாக வந்தவனுக்குத் தலை சுற்றிவிடும். ஆனாலும் எந்த வண்டியும் அங்கே வழி தவறியதில்லை. அதற்குக் காரணம் நாக்குதான்.

ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கூராகச் சீவிய தண்டவாளம் ஒன்று அசைகிறதே, அதற்குத்தான் நாக்கு என்று பெயர். அது எப்படித் திரும்பி ஒட்டிக்கொள்கிறதோ, வண்டி அந்த வழியில் போகும். கேபினில் நின்று லீவர் இழுப்பவர் சூசைமாணிக்கம். இழுத்துவிட்டு, "ஒட்டிக்கிட்டியா?" என்று கத்துவார். நாக்கு "ம்" என்னும். உடனே கைகாட்டியை இறக்கி வண்டிக்கு வழிவிடுவார். அவர்கள் ஏற்பாடு அவ்வளவுதான்.

அங்கிருந்து பிரிந்த ஒரு கிளைப் பாதை கொஞ்ச தூரம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முனையில் ஒரு பூவரச மரம். தாழ்ந்த கிளையில் கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தான். கூட்டில் இறக்கை முளைக்காத மூன்று குஞ்சுகள்.

கரிச்சானுக்கு அப்போதெல்லாம் ஒற்றை வால். நீளமாக, நேராக, கருகருவென்று பளபளக்கும். அப்பப்பா, அதை வைத்துக்கொண்டு அவன் பண்ணிய அலட்டல்! விடிந்தால் வாலைக் கோதுவான். கோதி முடித்தால் தந்திக் கம்பியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் காட்டுவான்.

"அந்த வாலை என்ன, கொலுவுலயா வைக்கப் போறே? பிள்ளைங்க பசியில கத்துது, கண்ணு தெரியலையா?" என்பாள் பெண்டாட்டி.

"நீ போய்க் கொண்டா புள்ள, நான் காவல் இருக்கேன்" என்பான் இவன், கூச்சமே இல்லாமல்.

ஒரு கத்திரி வெயில் நாள். பெண்டாட்டி வெட்டுக்கிளி பிடிக்கப் போயிருந்தாள். காலையில் ஜல்லி வண்டி ஒன்று பூவரச மரத்துப் பாதையில் நின்று கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. போகிற போக்கில் ஒரு கல்லைச் சிந்திவிட்டது. அது நேராக நாக்கு ஒட்டுகிற இடுக்கில், அதன் வாயில் போய் விழுந்தது.

அடுத்து வரவேண்டியது பாசஞ்சர் வண்டி. அதற்காக நாக்கைப் பெரிய பாதைக்குத் திருப்ப சூசைமாணிக்கம் லீவரை இழுத்தார். முக்கால்வாசி வந்து இறுகிக்கொண்டது. வெயிலில் இரும்பு முறுக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல, "ஒட்டிக்கிட்டியா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. வாயில் கல் இருந்தால் என்ன வரும்?

"ம்... ம்ம்!"

"சரி சரி, ஒரு தடவை சொன்னா போதும்" என்று கைகாட்டியை இறக்கிவிட்டார், பாவி மனுஷன்!

கம்பியில் இருந்த கரிச்சான் அதைப் பார்த்தான். நாக்கு முழுசாக ஒட்டாததால் பூவரச மரத்துப் பக்கமும் வழி திறந்தே கிடந்தது. வண்டி இந்தப் பக்கம் திரும்பினால் மரமும் மிஞ்சாது, கூடும் மிஞ்சாது. குஞ்சுகளுக்கோ பறக்கத் தெரியாது.

"யோவ் சூசை! கல்லுய்யா! வாயில கல்லு!"

சூசைமாணிக்கம் அலறியடித்துக் கைகாட்டியை ஏற்றினார். ஆனால் எஞ்சின் அதைத் தாண்டிவிட்டது. "பிரேக்கு போட்டாச்சு, நிக்க மாட்டேங்குதே!" என்று அது ஓலமிட்டுக்கொண்டே வந்தது.

"லீவரைத் தொங்கிப் பிடி! விட்டுடாதே!" என்று கத்திவிட்டுக் கரிச்சான் பாய்ந்தான். அலகால் கல்லைக் கொத்தினான், அசையவில்லை. நகத்தால் பிறாண்டினான், நகம்தான் பெயர்ந்தது. தண்டவாளம் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. இனி யோசிக்க ஒன்றுமில்லை. திரும்பி நின்று, தன் அருமை வாலைக் கல்லுக்கு அடியில் செருகி, இரண்டு காலையும் ஊன்றி, உயிரைக் கொடுத்து நெம்பினான்.

கல் தெறித்து விழுந்தது. நாக்கு சடாரென்று திரும்பி ஒட்டிக்கொண்டது. நடுவில் வால் மாட்டிக்கொண்டது.

"ஐயையோ தம்பி, உன்னைக் கடிச்சுட்டேனே!" என்று பதறியது நாக்கு. "வண்டி உன் மேல ஏறிடுமே! கொஞ்சம் திறக்கிறேன், ஓடிப் போயிடு."

வலியில் கரிச்சானுக்குக் கண் இருட்டியது. எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது. நாக்கு ஒரு விரல்கடை திறந்தாலும் வண்டி எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்?

"திறந்தே, உன்னைச் சும்மா விடமாட்டேன்! இறுக்கிப் பிடி அண்ணே. கடைசிப் பெட்டி போற வரைக்கும் விடாதே. என் பிள்ளைங்க அங்க இருக்கு."

நாக்கு இறுக்கிப் பிடித்தது. கரிச்சான் தண்டவாளத்தை உதைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். நடுவால் சிறகெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அவன் ரத்தம் சொட்டச் சொட்ட மேலே எழும்பினான். அவன் எழும்பிய இடத்தில் சக்கரம் உருண்டது. வண்டி பெரிய பாதையில் ஒழுங்காகத் திரும்பி, ஜனங்களைச் சுமந்துகொண்டு போயே போய்விட்டது.

வெட்டுக்கிளியோடு வந்த பெண்டாட்டி அவனைப் பார்த்துக் கத்தியேவிட்டாள். வாலின் இரண்டு ஓரமும் இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை. "உன் வாலு போச்சே!" என்று அழுதாள்.

"எண்ணிப் பாரு, மூணும் இருக்குதா?" என்று கேட்டான் அவன்.

கல் மாட்டி வலித்த வாயால் நாக்கு அதற்குப் பிறகு பேசவே இல்லை. இப்போதும் ஒட்டும்போது டக்கென்று ஒரு சத்தம் மட்டும் போடும்.

குஞ்சுகள் வளர்ந்தன. அவற்றுக்கு ஒரு நாள் வால் முளைத்தது. அவற்றின் வாலை எந்த நாக்கும் கடிக்கவில்லை, எந்தச் சக்கரமும் தொடவில்லை. ஆனாலும் மூன்றுக்கும் நடுவில் பிளந்துதான் முளைத்தது, அப்பனுக்கு இருந்தது போலவே.

அன்று முதல்தான் கரிச்சான் இரட்டைவால் குருவி ஆயிற்று. கூட்டுப் பக்கம் காக்கை வந்தாலும் பருந்தே வந்தாலும் அது துரத்தித் துரத்திக் கொத்துவதும் அன்று முதல்தான்.