சிவப்பு பூட்ஸும் முழு கேரட்டும்

“கேரட்டைத் தின்னத் தெரிஞ்ச ஒருத்தருக்கு, பூட்ஸை நிரப்பத் தெரியலையே!” என்று கத்தியது தாய் முயல் கூர்செவி.

பனி மூடிய பைன் காடு. வளை வாசலில் ஒரு சிவப்பு பூட்ஸ் காலியாகக் கிடந்தது. கூர்செவி யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அதன் கணவன் மந்தனின் காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

பெயரை எப்படிச் சொல்வது? ஐந்து குட்டிகளும் பக்கத்திலேயே நின்றன. அவை அந்தத் திட்டு, இரவில் பரிசு கொண்டுவரும் குதிரைக்கு விழுந்தது என்று நினைத்தன.

அன்று பிள்ளைகளுக்குக் குதிரையில் வந்து பரிசு தரும் நிக்கோலாஸ் தாத்தாவின் திருநாள். முந்தின மாலையே ஊர்ப் பிள்ளைகள் வாசலில் பூட்ஸை வைத்து, தாத்தாவின் வெள்ளைக் குதிரைக்காக அதில் ஒரு கேரட்டையும் போடுவார்கள். விடிந்தால் பூட்ஸில் தின்பண்டம் இருக்கும். இதைப் பார்த்த முயல்களும் அப்படியே செய்தன. யாரோ ஒரு குழந்தை பாதையில் தொலைத்த பூட்ஸ் அவற்றுக்கு வாய்த்திருந்தது.

குதிரை யார் என்பது பெற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். குட்டிகள் தூங்கியதும் மந்தன் கேரட்டின் நுனியைக் கடித்து, குதிரைப் பல் பட்டது போலக் காட்ட வேண்டும். மிச்சம் பண்டிகை சூப்புக்கு. பிறகு ஓடைக்கரை மரத்தடியில் ஒளித்துவைத்த ஐந்து வால்நட் கொட்டைகளைக் கொண்டுவந்து பூட்ஸில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மந்தன் நுனியைக் கடித்தது. இனித்தது. இன்னொரு கடி கடித்தது. கேரட் தீர்ந்தது. வயிறு நிறைந்தது. அப்படியே தூங்கிப்போனது.

கடைக்குட்டி பொடிசு பூட்ஸுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. “அம்மா, குதிரை வந்து கேரட்டைத் தின்னுட்டு, என்னைப் பார்த்ததும் இவளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு போயிடுச்சா? நேத்து நான் அண்ணனைக் கடிச்சேனே.”

கூர்செவியின் குரல் இறங்கிவிட்டது. “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லடி, கண்ணு. வழியில குதிரையோட பொதி அவிழ்ந்திருக்கும். அப்பா போய்ப் பார்த்துட்டு வருவார்.”

“இந்தப் பனியிலயா?” என்றது மந்தன்.

கூர்செவி அதன் காதருகே போய், “தின்னது செரிக்க வேண்டாமா?” என்றது.

மந்தன் ஓடியது. மரத்தடியில் ஐந்து கொட்டைகளின் மேல் ஓர் அணில் உட்கார்ந்திருந்தது.

“அது என் கொட்டை, அணிலே.”

“என் மரத்தடியில கிடந்தா என் கொட்டை, முயலண்ணே. ஒண்ணு வேணா எடுத்துக்க.”

“எனக்கு அஞ்சு பிள்ளை. மிச்ச நாலு பேருக்கு முகத்தை எப்படிக் காட்டுவேன்?”

“அதை நேத்தே யோசிச்சிருக்கணும்.”

மந்தன் அண்ணாந்து பார்த்தது. அணிலின் கூட்டில் ஒரு பக்கம் ஓட்டை. காற்று புகுந்து புறப்பட்டது. அணிலின் வால் நடுங்கியது.

“உன் கூடு ஒழுங்கா மூடலையே. என் நெஞ்சு மயிர் ஒரு பிடி தரட்டுமா? கதகதன்னு இருக்கும்.”

“மூணு பிடி.”

“ரெண்டு. அஞ்சு கொட்டையும் இப்பவே.”

“அட, சரி. பிடுங்கு.”

மந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கியது. கண்ணில் நீர் வந்தது. ஆனால் ஐந்து கொட்டைகளும் வீடு வந்து சேர்ந்தன.

“ஓடைக்கரையில சிதறிக் கிடந்துச்சு. குதிரைக்கு என்ன அவசரமோ,” என்றது மந்தன்.

இருப்பதில் பெரிய கொட்டை பொடிசுக்குக் கிடைத்தது. “எனக்கும் வச்சிருக்கு!” என்று அது குதித்தது. பிறகு அப்பாவை உற்றுப் பார்த்தது. “உங்க நெஞ்சுல மயிரைக் காணோமே?”

“முள்ளுல மாட்டிக்கிச்சு.”

“குளிருமே. நான் மூடி விடறேன்.” பொடிசு அந்த மொட்டை இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கொட்டையைக் கொறித்தது. மந்தனுக்கு எழுந்திருக்கவே மனமில்லை.

கூர்செவிக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அடுப்பிலிருந்த சூப்பைக் கிண்டிப் பார்த்தது. வெறும் முள்ளங்கி மிதந்தது.

“எல்லாம் சரி. சூப்புல கேரட்டைக் காணோம். அதுக்கும் ஒருத்தர் ஒரு வழி பண்ணட்டும்.”

பிள்ளைகளின் ஆசைக்காக உன்னை நம்பி ஒப்படைத்த வேலையை உன் வயிறு கெடுத்துவிட்டால், பாதி சரிசெய்துவிட்டுச் சாய்ந்து உட்காராதே; எழுந்து போய், மீதியையும் சரிசெய்.