ஊர்வல வண்டியின் கூரை

சிங்காநல்லூர் பக்கம் ஒரு கார் எலக்ட்ரிக்கல் பட்டறை. அங்கே குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, சிஷ்யருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவின் பெயர் மரகதம். பட்டறையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நாச்சிமுத்துவும் அக்கா என்றே கூப்பிட்டார். மரகதம் அவரை அண்ணா என்பார். இப்படி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு இருவரும் சண்டையில்லாமல் வேலை பார்த்தார்கள்.

நாச்சிமுத்து பாதி ஆயுளைப் பம்புசெட்டு ஸ்டார்ட்டர்களோடு கழித்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள், காருக்கு வந்தார். மரகதம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு வண்டியைத் தானே முழுசாக முடித்து, உரிமையாளர் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் தனி மேசை, தனி வேலை. நாச்சிமுத்துவுக்கு வந்த வண்டி ரங்கநாயகத்தினுடையது. இதையும் கோட்டைவிட்டால் வேறு தொழில் தேட வயதில்லை என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

அது கூரை திறந்து மூடும் வெளிநாட்டுக் கார். ரங்கநாயகம் அதை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறவர். பின்சீட்டின் மேல் மாலையோடு மாப்பிள்ளை உட்காருவார். மிச்ச இடத்திலெல்லாம் சொந்தக்காரக் குழந்தைகள் ஏறிக்கொள்ளும்.

"ஏனுங்க மேஸ்திரி, ஊர்வலத்துல சாரல் விழுந்தா டிரைவர் கூரையை மூடணும். மூடி முடியற வரைக்கும் சுவிட்சுல இருந்து விரலை எடுக்கக் கூடாதாம். எடுத்தா பாதியில நின்னுக்குது. ஊரே பாத்துச் சிரிக்குது. நான் மண்டபத்துல எங்க நின்னாலும் ரிமோட்ல ஒரு அமுக்கு, கூரை தானா மூடிக்கோணும்" என்றார் ரங்கநாயகம்.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பம்புசெட்டில் பச்சைப் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும், ஸ்டார்ட்டர் தானே பிடித்துக்கொள்ளும், விவசாயி பாட்டுக்குத் தோட்டத்துக்குள் போய்விடுவார். இவ்வளவு பெரிய வண்டியைச் செய்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போயிற்றே என்று வெள்ளைக்காரனுக்காகக் கொஞ்சம் இரக்கமும் பட்டார்.

அதே மாதிரி பிடித்துக்கொள்ளும் ஒரு ரிலே வைத்தார், ரிமோட்டின் ரிசீவரை இணைத்தார். அமுக்கினார். கூரை பின்னாலிருந்து எழுந்து, துணியை விரித்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

மரகதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்க அண்ணா."

"சாவியைக் குடுத்தர்லாங்களா?"

"இன்னும் முடியலீங்க."

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. ஒயரிங்கைப் பிரித்து மறுபடி சுற்றினார். பேட்டரி இறங்குகிறதா என்று பார்த்தார். ரிசீவரில் மழைத்தண்ணீர் புகாமல் சிலிக்கான் அடைத்தார். ரிமோட் இன்னும் தூரம் எட்டட்டும் என்று ஏரியலை மாற்றினார், தெருமுனை டீக்கடையிலிருந்து அமுக்கினாலும் கூரை மூடியது.

"இப்பங்க அக்கா?"

"டீக்கடையில இருந்தேவா?"

"ஆமாங்க!"

"இன்னும் தூரமாப் போயிருச்சுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு மரகதம் வேறு வண்டியின் பானெட்டைத் தூக்கப் போய்விட்டார்.

எது தூரமாகப் போயிற்று? வேலை கைக்கு எட்டாமல் போகிறது என்கிறாரா, ரிமோட் எட்டுவது தப்பு என்கிறாரா? வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. ஐம்பது வயதில் விடுகதை போட்டால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கோபமே வந்துவிட்டது.

"தப்பு இருந்தா சொல்லீருங்க அக்கா. பாதி ராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் ஸ்டார்ட்டர் கட்டறவன் நானு. எனக்கு இதுல ஒரு தப்பும் தெரியலீங்க."

மரகதம் கையுறையோடு எழுந்து வந்தார். ரிமோட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நீங்கதான் ரங்கநாயகம். மண்டப வாசல்ல நின்னு சம்பந்தி வீட்டுக்காரங்களை வாங்கன்னு கும்பிடறீங்க. பட்டறை கேட்டுக்கிட்டப் போய் ரோட்டைப் பாத்து நில்லுங்க. மேளம் கேட்டா சாரல் விழுதுன்னு அர்த்தம், அமுக்குங்க."

வண்டியின் ஸ்பீக்கரில் நாதஸ்வரமும் தவிலும் கிளம்பின. பட்டறைத் தகரமே அதிர்ந்தது. நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்து நின்று, இல்லாத சம்பந்திக்கு ஒரு அரைக் கும்பிடும் போட்டு, ரிமோட்டை அமுக்கினார். கூரை மூடும் அளவுக்கு நேரம் விட்டுத் திரும்பினார்.

கூரை மூடியிருந்தது. ஆனால் முழுசாக மூடவில்லை. முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே மரகதத்தின் கையுறை மாட்டியிருந்தது. அதன் ஐந்து விரலும் வெளியே விறைத்து நின்றன.

நாச்சிமுத்து ஓடினார். கால் பின்னிக்கொண்டது. ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அமுக்கினார், அவர் கட்டின ரிலே விடவில்லை. கதவைப் பிய்க்காத குறையாகத் திறந்தார்.

மரகதம் உள்ளே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் பத்திரமாக இருந்தன. கையுறைக்குள் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டைத் திணித்து வைத்திருந்தார். அவர் பாட்டை நிறுத்தினார்.

"நான் கத்துனனுங்க அண்ணா."

நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

"கேக்கலீங்க அக்கா."

நாச்சிமுத்து கீழே உட்கார்ந்து ரிலேயைக் கழற்றினார். ரிமோட்டை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மட்டும் கூரை நகரும்படி, விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும்படி, திரும்பக் கட்டினார்.

மறுநாள் காலை ரங்கநாயகம் வந்தார். அமுக்கினார், எடுத்தார். கூரை பாதியில் நின்றது. முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, இதைத்தானுங்க முன்னாடியும் பண்ணிட்டிருந்துச்சு! இதுக்கு எதுக்கு ரிமோட்டு? வேற பட்டறைக்குக் கொண்டுட்டுப் போயிக்கறேன், விடுங்க."

நாச்சிமுத்துவின் கையில் சாவி இருந்தது. தனி மேசை போகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் சாவியைக் கொடுக்கவில்லை, ரிலேயைத் திரும்ப மாட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை.

"குழந்தைங்க அந்தச் சட்டத்தைத்தானுங்க புடிச்சுட்டு நிக்கும்" என்றார்.

ரங்கநாயகம் சட்டத்தைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பழைய ஊர்வலங்களின் ஜிகினா இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குரல் இறங்கிவிட்டது.

"சரி, புடிச்சே அமுக்கறனுங்க. தூரத்தையாவது கூட்டிக் குடுங்க. எவ்வளவு எட்டும்?"

டீக்கடைவரை எட்ட வைத்தவர் நாச்சிமுத்துதான். இப்போது எங்கே நிறுத்துவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு தூரம் வைக்கட்டுங்க அக்கா?"

மரகதம் தலையைத் தூக்காமல் ஒயரைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"மேளம் அடிக்கறப்ப, உள்ள இருக்கறவங்க கத்துனா கேக்கற தூரம்."