கருமாதி முடிந்தவர்கள்

காரைக்காலில் வம்சாவளி தேடுகிறவர்கள் எல்லோருக்கும் யூஜினா டீச்சரைத் தெரியும். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, கல்யாணப் பதிவுகளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வம்சாவளி ஆய்வுச் சங்கம் ஒருவருக்கு ஆய்வாளர் என்று சான்றிதழ் தரும். அவருக்கு நாற்பது வயதுதான். அவரிடம் படித்த கலியபெருமாள், சர்வே இலாகாவில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டிவிட்டது.

கடைசிப் பரீட்சைக்கு அவரவர் சொந்த வம்சாவளியைக் கொண்டுவர வேண்டும்.

அதைக் கொண்டுவந்த அன்று, செருப்பைக் கழற்றும்போதே கலியபெருமாள் கத்தினார்.

"அயோக்கியப் பசங்க, டீச்சர். என் பரம்பரையே அயோக்கியப் பசங்க."

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

அவருடைய கொள்ளுப்பாட்டி தைலம்மை. சின்ன வயதிலேயே காலராவில் போய்விட்டாள் என்பதுதான் வீட்டுப் பேச்சு. இங்குள்ள பதிவுகளில் அவள் சாவு எங்குமே இல்லை. எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு, இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் ஊர்ப் பக்கம் தேடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பலர் போய்ச் சேர்ந்த ரீயூனியன் தீவில் பழைய கல்லறைகளைப் படம் எடுத்துச் சேர்க்கும் ஒருவருக்கு எழுதினார். நேற்று ஒரு படம் வந்தது. பாசி படிந்த கல். கோணல்மாணலாக வெட்டிய பெயர், தைலம்மை. கீழே அவள் பிறந்த ஊர், திருமலைராயன்பட்டினம்; வயது எழுபது; புருஷன் என்று வேறு யாரோ ஒருவன் பெயர்.

"எழுபது வயசு வரைக்கும் இருந்திருக்கா, டீச்சர்! யாரோ ஒருத்தனோட கப்பலேறிட்டாள்னு, உயிரோட இருந்தவளுக்குக் கருமாதி பண்ணியிருக்கானுங்க. கேட்டா காலராவாம். ஒருத்தனுக்காவது மனசு உறுத்தியிருக்குமா? இப்ப என் கையில கிடைச்சா அத்தனை பேரையும் நிக்கவச்சுக் கேப்பேன்."

யூஜினா வம்சாவளித் தாளை மேஜையில் விரித்தார். பெயர்களுக்குக் கீழே வரிசையாக ஆதாரம் எழுதியிருந்தது. விரல் மெதுவாக இறங்கி, கடைசி வரிசையில் நின்றது.

"அமுதவல்லி. உங்க தங்கச்சியா?"

"ஆமா."

"மறைவு 1991. ஆதாரம் எழுதலையே."

"அதுக்கு எதுக்கு ஆதாரம்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"காலராவும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்."

கலியபெருமாளின் முகம் சிவந்தது.

"அவ வேற சாதிக்காரனோட ஓடிப்போனவ. அப்பா தலைமுழுகிட்டார். ஊரைக் கூட்டிச் சோறு போட்டாச்சு. எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் அவ செத்தவ."

"இறப்புச் சான்று கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"அவதான் மன்னார்குடியில குத்துக்கல்லாட்டம் இருக்காளே! சான்றுக்கு நான் எங்கே போவேன்?"

யூஜினா தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை கலியபெருமாள் திட்டிக்கொண்டே நடந்தார். என் மகள் வயசு. என் வீட்டு விஷயத்துக்கு என்னிடமே சான்று கேட்கிறாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் திருவாரூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து மன்னார்குடிக்கு மாறினார். அவளிடமே நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும், எங்களுக்கு நீ செத்தவள்தான் என்று. வழியெல்லாம் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அமுதவல்லி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்கு அப்படியே அப்பாவுடையது. நிமிர்ந்து பார்த்தவளின் கை நின்றது.

கலியபெருமாளுக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

"நல்லாருக்கியா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் பற்றிக்கொண்டாள்.

"செத்தவகிட்ட வந்து நல்லாருக்கியான்னு கேக்குறியா? என் கருமாதிச் சோறு தின்னியே, ருசியா இருந்துச்சா? வடை பாயசத்தோட போட்டீங்களாமே! அம்மா செத்தப்ப ஒரு ஆள் விட்டுச் சொன்னியா? யார் யாரையோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஓடியாந்தேன். தெருமுனையில நின்னேன். நீ கொள்ளிச்சட்டியோட என்னைத் தாண்டிப் போனே. என்னைப் பார்த்தே. பார்த்துட்டுத்தான் போனே!"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. அவள் நிறுத்தவில்லை. செதில் ஒட்டிய கையை நீட்டி நீட்டிப் பேசினாள். கலியபெருமாள் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். தெரு திரும்பும் வரை அவள் குரல் பின்னாலேயே வந்தது.

மறுநாள் காலை அவர் யூஜினாவின் மேஜையில் தாளைப் போட்டார். 'மறைவு 1991' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"போனேன். போதுமா? தெருவே பார்க்க நாறடிச்சிட்டா. என் வாழ்நாள்ல ஒருத்தர்கிட்டயும் இப்படிப் பேச்சு வாங்கினதில்ல. கையெழுத்தைப் போடுங்க, டீச்சர். நான் போறேன்."

யூஜினா பேனாவைத் திறந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"என்னென்னமோ. அப்பா அவளை ரூம்ல போட்டு அடைச்சு வச்சாராம். அம்மா யாருக்கும் தெரியாம மன்னார்குடிக்குப் போய் அவளைப் பார்த்துட்டு வருவாங்களாம். எனக்கே தெரியாது. அப்புறம் அம்மாவைப் பெத்தவங்க எந்த ஊரு, ஏன் அந்த உறவு விட்டுப்போச்சுன்னு ஏதோ ஆரம்பிச்சா."

யூஜினா தாளைப் பார்த்தார். அம்மாவுக்கு மேலே இருந்த கட்டங்கள் காலியாக இருந்தன.

"அப்புறம்?"

"அதுக்கு மேல யாரால நிக்க முடியும்? வந்துட்டேன்."

யூஜினா பேனாவை மூடினார்.

"பேசிட்டிருக்கிற சாட்சியை நடுவுல விட்டுட்டா சார் வந்தீங்க?"