எட்டு முகப் பகடை

"மாஸ்டர், நான் செஞ்சதுல என்ன தப்பு?"

கேட்டவர் தாணுலிங்கம் சார். முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியார். அவர் மாஸ்டர் என்று கூப்பிடுகிற பெனிட்டாவுக்கு வயசு இருபத்து நாலு; வடசேரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடுகிற ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கதையை நடத்துகிற பொறுப்பையும் மூணு மாசம் முன்னால் அவரிடமே விட்டிருந்தாள்.

போன ஞாயிறு மாடத்தி செத்துப்போனாள். ஆட்டோ ஓட்டுகிற சுயம்பு ரெண்டு வருஷமாக ஆடிவந்த திருடிப் பாத்திரம் அவள். அரண்மனைக் காவல்காரன் அடித்தான், சார் பகடையை உருட்டினார், ஆள் காலி. சுயம்பு அவளுடைய விவரமெல்லாம் எழுதின தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

ஆறு நாளாகப் போனை எடுக்கவில்லை. இருபது வருஷச் சிநேகிதம், சும்மாவா? சாருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவளுக்கு மிச்சம் இருந்த உயிர் பாயிண்ட் அஞ்சு. பகடையில விழுந்த அடி எட்டு. கணக்கு சரிதானே?"

பெனிட்டா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பகடையை எடுங்க சார்."

சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"செத்தாள்னு எந்த முகத்துல எழுதியிருக்கு?"

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்தார். எட்டையும்.

"நம்பர்தான் இருக்கு."

"அப்ப செத்தாள்னு சொன்னது யாரு?"

சார் பகடையை மேஜைமேல் வைத்தார்.

"காவல்காரன் கையில என்ன?"

"தடி."

"எதுக்கு வந்தான்?"

"திருடியைப் பிடிக்க."

பெனிட்டா அடுத்த போனைத் திறக்க ஆரம்பித்தாள்.

சாருக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிக்கொள்ளாமலே இறங்கி நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அவரைக் கண்டதும் சுயம்பு வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்.

சார் முன் சக்கரத்துக்கு நேரே போய் நின்றார்.

"தப்பு என் மேலதான் சுயம்பு. மாடத்தி சாகல. மயங்கித்தான் கிடக்கா. பாதாளச் சிறையில போட்டிருக்கான். பின்மண்டையில பெரிய வீக்கம்."

என்ஜின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

சுயம்பு சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தான்.

"சிறைக்கு எத்தனை பூட்டு சார்?"