மறுவார்ப்பு விதி

திருச்சியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே நீளமான அறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அங்கே ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேறு ஆட்களாகிவிடுவார்கள். வாரமெல்லாம் பல் பிடுங்கும் டாக்டர், அங்கே மலையப்பன் என்ற மல்லன். நடத்துபவர் கதையைச் சொல்வார். ஆடுகிறவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மதுரையிலும் நாகர்கோவிலிலும் இதே கதைக்கு மேசைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே விதிப்புத்தகம். நடத்துபவருக்கு எந்த வயதானாலும் பெயர் ஆசான்தான்.

இந்த மேசையின் ஆசான் பியூலா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், முப்பதுகூட ஆகவில்லை. அவரிடம் கேள்வியோடு வந்த சிதம்பரநாதனோ பொதுப்பணித் துறையில் பாலங்கள் கட்டி, தலை நரைத்து, ஓய்வுக்குக் காத்திருப்பவர்.

“ஆசானே, வேங்கனை மாத்தணும்” என்றார்.

வேங்கன் என்பது அவருடைய பாத்திரம். வாள்வீரன். அவனை மாற்றியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தது. வீட்டில், “பாத்திரத்தை மாத்தப் போறேன்” என்று புலம்பியதைக் கேட்டு, அவர் மனைவி பரணிலிருந்து பழைய பித்தளை அண்டாவை இறக்கி வைத்ததுதான் மிச்சம்.

நடந்தது இது. சென்ற மாத ஆட்டத்தில் ஒரு மலை இடுக்கில் ஓலையன் கயிற்றில் தொங்கினான். ஓலையன், பக்கத்துத் தெரு இர்ஃபானின் பாத்திரம், வழி கண்டு சொல்கிறவன். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் வேங்கன். பாறை வழுக்கியது. “பிடிக்கிறீங்களா, விடுறீங்களா?” என்று ஆசான் கேட்டார். பிடிப்பதென்றால் பகடை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் இரண்டு பேரும் பள்ளத்தில். சிதம்பரநாதன் பகடையைத் தொடவே இல்லை.

“விடறேன்” என்றார்.

பல வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஓலையன் செத்துப்போனான். இர்ஃபான் சிரித்தான். “பரவால்லண்ணே, ஆட்டம்தானே?” என்றான். அடுத்த வாரமே சிட்டாள் என்ற புதுப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தான். ஆனால் ஆட்டம் முடிந்தால் அவன் பைக்கில் ஒன்றாகப் போய் டீ குடித்துவிட்டு வீடு திரும்பும் சிதம்பரநாதன், அன்றிலிருந்து ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி பஸ்ஸில் போகிறார். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆட்டம்தான், ஆனாலும் வெட்கம் நிஜம்.

“எவ்வளவு மாத்தலாம்?” என்று கேட்டார்.

“தொழில், ஆயுதம், பலம், குலம், ஆணா பொண்ணா, பேரு. எல்லாத்தையும் மாத்தலாம் சார்.”

அவருக்கு மூச்சு வந்தது. விதிப்புத்தகத்தை வாங்கி மறுவார்ப்பு என்ற பக்கத்தைப் படித்தார். அடுத்த வரியில் மூச்சு மறுபடி நின்றது. மறுவார்த்தவர் தம் பாத்திரம் முன்பு யாராக இருந்தது என்று சொல்லக் கூடாது. முதல் ஆட்டம் முடிவதற்குள் மேசையில் ஒருவராவது அந்தப் பாத்திரத்தை இன்னார் என்று கண்டுசொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது புதிய பாத்திரம். பழையது சம்பாதித்த எதுவும் அதைச் சேராது.

“இது என்ன கூத்து? தலையிலேருந்து கால் வரைக்கும் மாத்தச் சொல்லிட்டு, அப்புறம் எதை வச்சு ஆளைக் கண்டுபிடிப்பாங்க?”

“நல்ல கேள்வி சார்” என்றார் பியூலா. “ஞாயித்துக்கிழமை வாங்க.”

பதில் அவ்வளவுதான்.

சிதம்பரநாதன் வீட்டில் உட்கார்ந்து அழிரப்பரால் பாத்திரத் தாளிலிருந்த வேங்கனைத் தேய்த்தார். வாளை அழித்தார், பலத்தை அழித்தார், கடைசியில் பெயரையும் அழித்தார். அந்த இடத்தில் செம்பாவை என்று எழுதினார். மூலிகை அரைக்கிறவள். ஒரு மூட்டையைக்கூடத் தூக்க மாட்டாள். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் சம்பாதித்ததெல்லாம் போகும். போகட்டும், இர்ஃபானுக்கு எதிரே வேறு ஆளாக உட்கார முடிந்தால் போதும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை செம்பாவையை, இர்ஃபானின் சிட்டாளைப்போல, புதிதாகக் கொண்டுவந்த பாத்திரம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேங்கன் எங்கே என்று டாக்டர் கேட்டார். சிதம்பரநாதன் உதட்டைப் பிதுக்கினார். இர்ஃபான் எதுவும் கேட்கவில்லை.

ஆட்டம் சாதாரணமாகப் போனது. மாலையில் ஆசான் குரலைத் தாழ்த்தினார்.

“மழை. காட்டாறு. மரப்பாலத்துல சிட்டாள் முன்னாடி போறா. அவ கால் வச்ச பலகை முறிஞ்சுபோச்சு. பாலத்துக் கயிறு ஒண்ணைப் பிடிச்சுத் தொங்குறா. கயிறோட மறுமுனை கரையில, செம்பாவை பக்கத்துல, அவிழ்ந்துக்கிட்டிருக்கு.”

“மலையப்பன் ஓடி வர்றான்” என்றார் டாக்டர்.

“தூரத்துல இருக்கான். வந்து சேர மாட்டான்.”

“செம்பாவை பிடிக்கிறா” என்றார் சிதம்பரநாதன். அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“அவளுக்குப் பலமே இல்லையே சார்.”

“தெரியும்.”

“பகடை நல்லா விழலைன்னா ரெண்டு பேரும் போயிடுவீங்க. விட்டுட்டா நீங்க பிழைக்கலாம்.”

“கையில பிடிக்கலை ஆசானே. இடுப்புல கட்டுறா. பாலம் கட்டுறவங்க போடுற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். விடணும்னு நினைச்சாலும் விட முடியாது.”

கீழே கடையில் சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இர்ஃபான் மெல்லத் தலையைத் தூக்கினான். எதிரே இருந்த நரைத்த மனிதரை அவன் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், மழையில், கரையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்ப்பவன்போலப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

“வேங்கா” என்றான்.

சிதம்பரநாதனின் கை தானாகச் சட்டைக்கு மேல் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. மேசையில் கிடந்த தாளில் வேங்கனுடையதென்று ஓர் எழுத்துகூட இல்லை. இத்தனை நாள் பார்க்கப் பயந்த முகத்தை இப்போது நேருக்கு நேர் பார்த்தார். அதில் கோபம் இல்லை. ஆசான் பக்கம் திரும்பினார்.

“எல்லாத்தையும் மாத்தினேனே ஆசானே. பேரைக்கூட விட்டு வைக்கலையே. எதை வச்சுக் கண்டுபிடிச்சான்?”

பியூலா பகடையை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

“கயிறு இன்னும் உங்க இடுப்புலதான் இருக்கு சார். உருட்டுங்க.”